'பாரம்பரியம்' என்னும் சொல்லுக்குள் மறையும் பெயர்கள்

நாட்டார் மெட்டைத் தாங்கிய சுயாதீன இசைத்தொகுப்பு ஒன்று வெளியானால், மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. கிதாரும் தோற்கருவியும் எவ்வாறு இயைந்தன, ஒலிப்பதிவு எத்துணைத் துல்லியம், குரல் எங்கே குழைந்தது என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. பாடல் யாரிடமிருந்து வந்தது என்னும் கேள்வி மட்டும் 'பாரம்பரியம்' என்ற ஒற்றைச் சொல்லோடு அடங்கிவிடுகிறது.

அச்சொல் எதையெல்லாம் மறைக்கக்கூடும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்து நாட்டார் பாடகர் ரத்தன் கஹார் சான்று. அவர் 1972இல் 'பொரோலோகேர் பிட்டி லோ' என்ற பாடலை இயற்றினார். 1976இல் ஸ்வப்னா சக்ரவர்த்தியின் குரலில் பதிவான அது வங்கமெங்கும் பரவியது. பாடல் பரவப் பரவ, இயற்றியவரின் பெயர் உதிர்ந்தது. 2020இல் பாட்ஷா வெளியிட்ட 'கேந்தா பூல்' அப்பாடலின் வரிகளை எடுத்தாண்டபோது, கஹாரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. முந்தைய பதிவுகளிலும் அது நாட்டுப்பாடல் என்றே குறிக்கப்பட்டிருந்ததாகப் பாட்ஷா விளக்கினார். எதிர்ப்பு எழுந்தபின் ஐந்து லட்சம் ரூபாய் அளித்தார். 2024இல் கஹாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரின் வாழ்நாள் முழுமைக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை வழங்குகிறது. ஆனால் ஆசிரியர் இல்லை என்று எழுதப்பட்ட பாடலுக்கு யார் உரிமை கோருவது? உயிரோடிருக்கும் ஒருவரின் உழைப்பு, அடைமொழி ஒன்றால் பொதுச்சொத்தாகிவிடுகிறது.

நம் மரபு இதற்கு முன்பே வழி கண்டிருந்தது. கபீரும் லாலனும் தம் பெயரைப் பாடலின் ஈற்றில் பொதிந்து வைத்தனர். கன்னடத்தின் சிசுநாள ஷரீப்புக்கும் தனி முத்திரை உண்டு. 2008இல் ரகு தீட்சித் தம் முதல் தொகுப்பில் ஷரீப்பின் பாடல்களைப் புத்திசையில் பாடினார். ஷரீப் மறைந்து நூறாண்டு கடந்தும் அப்பாடல்கள் அவருடையனவாகவே அறியப்படுகின்றன.

எல்லாப் பாடலுக்கும் தனியொருவர் ஆசிரியராக இருப்பதில்லை என்பதும் உண்மையே. தில்லியின் இந்தியன் ஓஷன் குழு 2000இல் வெளியிட்ட 'கந்தீசா' தொகுப்பின் தலைப்புப் பாடல், கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டிலிருந்து வந்தது. அத்தகைய இடங்களில் சமூகத்தையும் ஊரையும் மொழியையும் சுட்டுவதே நேர்மை. 'பாரம்பரியம்' என்று மட்டும் எழுதுவது அந்தக் கடமையையும் தட்டிக்கழிப்பதாகும்.

இசைத்தட்டின் உறையில் குறிப்புகளைத் தேடிப் படித்த காலம் போய்விட்டது. கைபேசிச் செயலியில் பாடகரின் பெயருக்கு அப்பால் பலர் செல்வதில்லை. ஆகவே மதிப்புரையாளரின் பொறுப்பு கூடியிருக்கிறது. தொகுப்பு இனிமையா என்று கேட்கும் அதே மூச்சில், இது யாருடையது, அவருக்கு என்ன சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். கஹாரின் பெயரை நாடு அறிய, பாடல் பிறந்து 48 ஆண்டுகள் ஆயின. அடுத்த கஹார் அத்தனை காலம் காத்திருக்கலாகாது.