பாரிசிலும் வட்டம்தான்

கருத்தரங்குக்குப் பாரிஸ் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஊரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெய்வேலியில் "எந்த வட்டம்?" என்று கேட்பது போலத்தான் அங்கேயும். மொத்தம் 20 வட்டங்கள். நடுவில் 1, அங்கிருந்து நத்தை ஓடு போலச் சுற்றிக்கொண்டே போகும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்தான் வட்டம். 75010 என்றால் 10-ஆம் வட்டம். லா சப்பெல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் இருப்பது அங்கேதான். தோசை கிடைக்கும்.

யாரிடம் எது கேட்டாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டை வெளியே வரும்வரை பத்திரமாக வையுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். நம் இரண்டு முனை சார்ஜர் பொருந்தும், மூன்று முனை பொருந்தாது. அவசரத்துக்கு 112.

என் மாணவி ஒருத்திக்குக் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மகள். "தனியா அனுப்பணுமா டீச்சர்?" என்று அவள் அம்மா தயங்குகிறார். மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு 1970-லேயே அங்கு நடந்துவிட்டது, தமிழுக்குப் புது ஊரா அது? வட்டம் தெரிந்த நெய்வேலிப் பெண் தொலைய மாட்டாள், அனுப்புங்கள் என்றேன்.

பாரிசில் இருக்கும் நம் பிள்ளைகள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும்.