வெள்ளோட்டம்

சாகக்கிடந்த மூதாட்டி ஒருவருக்கு நோயில் பூசுதல் வழங்க, கிளைக்கிராமம் ஒன்றிற்கு ஓரிரவு விரைந்தோம். பழைய மொபெட் பாதிவழியில் நின்றுவிட்டது. நடந்து சேர்ந்தபோது அழுகுரலே நம்மை எதிர்கொண்டது. மறுவாரமே பங்குப் பேரவை புது வண்டி வாங்கத் தீர்மானித்தது.

திருச்சியில் 125 சி.சி. ஹோண்டா ஷைன் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். விற்பனை நிலையத்து இளைஞர் பின்னால் அமர்ந்திருந்தார். லூர்து அன்னை ஆலயத்தையும் சத்திரம் பேருந்து நிலையத்தையும் கடந்து, காவிரிப் பாலம் ஏறி, 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராஜகோபுரம் வரை சென்று திரும்பினோம்.

“முறுக்காதீங்க ஃபாதர், சீராப் போனா பெட்ரோல் மிச்சம்” என்றார் இளைஞர். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே அவ்விரயத்தைப் பெரிதும் குறைத்தன. பங்கு மக்களின் காணிக்கையில் ஓடும் வண்டிக்கு இது சிறு காரியமன்று.

ஆனால், பாலத்தின்மேல் நம் மனம் வேறொரு விரயத்தை எண்ணி வருந்தியது. வண்டி நின்றது உண்மை. எனினும், மூதாட்டியின் நிலை பற்றிய செய்தி மாலையிலேயே வந்திருந்தது. நடந்துகொண்டிருந்த கூட்டம் முடியட்டும் எனக் காத்திருந்தவர்கள் நாமே. இதைப் பேரவையிடம் நாம் சொல்லவில்லை. பழியை மொபெட் சுமந்தது.

அன்று மாலையே பேரவையாரிடம் உண்மையைச் சொன்னோம். வண்டியையும் வாங்கினார்கள். அது விரைந்து கொண்டுசேர்க்கும். அழைத்தவுடன் எழுந்து புறப்பட வேண்டியது நம் கடன்.