மூன்றாவது விளக்கு

விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரி நாள்களின் இனிய நினைவுகளையே எழுத எண்ணினேன். ஆயினும், பௌதிக ஆய்வுகூடத்திற் கற்றும் மறந்த ஒரு பாடத்தை நடுவானில் மீண்டும் கற்க நேர்ந்த கதையே இளைய மாணவர்க்குப் பயன்படும் எனத் தோன்றிற்று.

அமெரிக்காவில் தம் கையாலேயே சிறு விமானங் கட்டிப் பறப்போர் பலர். 1953ஆம் ஆண்டிலே போல் பொபெரெஸ்னி என்பார் மில்வோக்கி நகரில் தொடக்கிய பரிசோதனை விமானச் சங்கம் இவர்களுக்குத் தாய்வீடு போன்றது. விமானத்தின் பெரும்பகுதியை ஆர்வலர் தாமே கட்டியிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இவ்வாறு என் நண்பர் ஒருவர் கட்டிய, இருவர் அமரும் விமானத்தின் ஆண்டுப் பரிசோதனையில் நானும் துணைநிற்பது வழக்கம்.

அவ்விமானத்தின் மூன்று சக்கரக் கால்களையும் மின்பம்பியானது எண்ணெயின் அமுக்கத்தால் மடக்கும், விரிக்கும். பம்பி பழுதுற்றால், ஒரு வால்வைத் திறந்து அமுக்கத்தை விடுவித்தல் வேண்டும். இரு பிரதான கால்களும் தம் பாரத்தாலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். பின்னோக்கி மடிந்திருக்கும் மூக்குக்காலோ, எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வரவேண்டியது. அதற்கு உதவ வாயு அடைத்த உந்துதண்டு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் விமானத்தை ஜாக்குகளில் உயர்த்தி வால்வைத் திறப்போம். மூன்று கால்களும் இறங்கும். மூன்று பச்சை விளக்குகளும் எரியும். "சரி" என்று நான் ஏட்டிற் குறிப்பேன்.

ஒருநாள் மாலை நாங்களிருவரும் பறந்து திரும்புகையிற் பம்பி இயங்கவில்லை. அதன் மின்னிணைப்பைத் துண்டித்து, சக்கரப் பிடியை இறக்கும் நிலையில் வைத்து, வால்வைத் திறந்தோம். இரண்டு விளக்குகள் எரிந்தன, மூன்றாவது எரியவில்லை. விளக்கே பழுதோ என மாற்றிப் பார்த்தோம், அதுவும் அன்று. நண்பர் என்னைப் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை. ஏட்டிலிருந்த என் எழுத்தே என்னைச் சுட்டது.

எரிபொருள் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. வட்டமிட்டபடி சிந்திக்கையில் ஓர் உண்மை உறைத்தது: கொட்டகையிற் காற்று வீசுவதில்லை! காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 120 மைல் வேகம் 90 மைலாகக் குறையின், அவ்விசை ஏறத்தாழ 56 வீதமாகிவிடும். "வேகத்தைக் குறையுங்கள்" என்றேன். விமானம் நிலைகுலையாத எல்லைக்குள், நண்பர் மெல்ல மெல்லக் குறைத்தார். காலடியில் ஒரு சிறு தட்டொலி கேட்டது. மூன்றாவது விளக்கு எரிந்தது.

மறுநாள் உந்துதண்டைக் கழற்றினோம். பல்லாண்டுகளில் வாயு சிறிது சிறிதாகக் கசிந்து, அது வலுவிழந்திருந்தது. கொட்டகையிற் காலை விரிக்க அவ்வலு போதும், வானிற் போதாது. புதியதைப் பூட்டிய பின், கல்லூரியிற் பழகிய விற்றராசு போன்ற ஒன்றைச் சக்கர அச்சிலே கொளுவிப் பின்னோக்கி இழுத்து, காற்றின் விசைக்கு ஈடான அவ்விழுவைக்கு எதிராகவும் கால் பூட்டுகின்றதா எனச் சோதித்தோம். இப்போது அந்த அளவையும் ஏட்டில் எழுதுகின்றோம்; தண்டையும் தவணை வைத்து மாற்றுகின்றோம்.

பரிசோதனை பொய் சொல்லவில்லை. நான் அதனிடங் கேட்ட கேள்வியே குறையுடையது. ஆய்வுகூடத்தில் எவ்வாசிப்பை எழுதினாலும், "எந்த நிலைமையில் எடுத்தாய்?" என்று எங்கள் பௌதிக ஆசிரியர் கேட்பார். அன்று அதனை வீண் தொந்தரவென்று எண்ணினேன். அக்கேள்வியை எம்முள் விதைத்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!