வாடகைப் படகு

படகை வாடகைக்கு எடுத்து, ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல், நாமே துடுப்புப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் காட்டுக்குள் போய் வருவது என்றால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் படகு என்றால் அதை ஓட்ட ஒருவர் இருப்பார். ஒகேனக்கல்லில் பரிசல்காரர், பிச்சாவரத்தில் துடுப்புக்காரர். நாம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். கால் மிதிப் படகு ஒன்றுதான் விதிவிலக்கு.

முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984இல் வந்தது. மறைமலை நகரில் நான் வேலைக்குச் சேர்ந்து வீடு பார்த்துக் குடிவந்த காலமும் ஏறக்குறைய அதுதான். அப்போது இங்கே ஜி.எஸ்.டி. சாலையில் நாலு கடை, நிறைய முள்காடு. ஞாயிற்றுக்கிழமை போக இடம் கிடையாது. மகளுக்கு ஆறு வயதானபோது மூவரும் முட்டுக்காடு போய் மிதிப் படகு எடுத்தோம். நான் மிதிக்க, என் மனைவி திருப்புகிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நேராகப் போகவே இல்லை, வட்டமடித்துக்கொண்டே இருந்தோம். அவள் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீர் என்றால் அவளுக்குத் துளி பயம் கிடையாது. இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஒகேனக்கல்லுக்குத் தொழிற்சாலை நண்பர்களோடு போனேன். பரிசல் எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கே ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். மூங்கிலைப் பிளந்து கூடை போலப் பின்ன வேண்டும். அந்தக் காலத்தில் அதன்மேல் மாட்டுத் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. முன் பின் என்று கிடையாது, வட்டம்தான். அதனால் பாறையில் மோதினாலும் சுழன்று நழுவிப் போகும். ஒற்றைத் துடுப்பை முன்பக்கம் தண்ணீரில் விட்டுத் தன் பக்கம் இழுக்கிறார், பரிசல் போகிறது. கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. நான் வாங்கிப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே சுற்றியது. எங்களை இறக்கிவிட்ட பிறகு பரிசலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் கரையோரமாக மேலே நடந்தார். தூரத்திலிருந்து பார்க்க ஒரு பெரிய தொப்பிக்குக் கால் முளைத்தது போல இருந்தது.

பழைய காலத்தில் வாடகைப் படகுப் பயணம் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. பக்கிங்ஹாம் கால்வாயைச் சொல்கிறேன். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் இணைப்பு முடிந்து, அப்போதைய கவர்னர் பெயரைப் பெற்றது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் இதில்தான் சென்னைக்கு வந்தன. மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள் அடையாறு பக்கம் ஒரு படகை வாடகைக்குப் பேசி, படுக்கை, சமையல் பாத்திரம், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்புவார்கள். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் ஆள் நடந்து கயிற்றால் இழுப்பார். படகிலேயே தூங்கி எழுந்தால் மாமல்லபுரம். பாரதிதாசனும் நண்பர்களோடு இப்படித்தான் போனார், ‘மாவலிபுரச் செலவு’ என்று அதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். 1965, 66 புயல்களுக்குப் பிறகு கால்வாயில் போக்குவரத்து படுத்துவிட்டது. இப்போது சென்னைக்குள் அதன் பக்கத்தில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது.

இனி 2015க்கு வருகிறேன்.

என் மைத்துனர் வீடு முடிச்சூரில். டிசம்பர் 1ஆம் தேதி என் மனைவி அம்மாவைப் பார்க்க அங்கே போயிருந்தாள். அன்று பெய்த மழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் எல்லாம் என்று இன்றும் பலர் பேசுகிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கம் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி. ஏரி நிரம்பி வழிந்து போகிற வழியில் நாம் மனை போட்டிருக்கிறோம்.

இரவோடு இரவாகக் கீழ்த்தளம் மூழ்கி எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். கைபேசி அடங்கிவிட்டது. எனக்கு ஒரு தகவலும் இல்லை. மறுநாள் வண்டலூர் வரை ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போய், அங்கிருந்து நடந்தேன். ஓரிடத்துக்கு மேல் போலீஸ்காரர்கள் விடவில்லை. கடற்கரைக் கிராமங்களிலிருந்து மீனவர்கள் லாரியில் ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடலில் ஓடுகிற படகு தெருவில் ஓடியது. தெரு எது, சுற்றுச்சுவர் எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் மாமியாருக்கு அப்போது 82 வயது. நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். அடுத்து என் மனைவி ஏறினாள். கொஞ்ச தூரம் வந்ததும் தண்ணீருக்குள் இருந்த ஏதோ ஒரு சுவரில் படகு இடித்துச் சாய, ஓரத்தில் இருந்த அவள் விழுந்துவிட்டாள். கழுத்தளவு தண்ணீர். சேலை காலைச் சுற்றிக்கொண்டது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் குதித்து, தோளைப் பிடித்து மேலே தள்ளினான். எல்லாம் ஒரு நிமிடம்தான் இருக்கும். நான் கரையில் நின்று இறக்கியபோது அவள் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன, பேச்சு வரவில்லை. படகுக்காரரிடம் சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் நீட்டினேன். “காசு வேணாம் ஐயா. டீசல் மட்டும் எங்கயாவது கிடைச்சா வாங்கியாந்து குடுங்க, இன்னும் ஆளுங்க இருக்காங்க” என்றார். இரண்டு மணி நேரம் அலைந்து ஒரு கேன் டீசல் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் எந்த ஊர் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அவள் படகு என்ற பேச்சையே எடுக்கவில்லை. செங்கல்பட்டுக்கு ரயிலில் போனால் கொளவாய் ஏரியை ஒட்டித்தான் பாதை. மழைக்காலத்தில் ஏரி தளும்பி நிற்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டாள்.

2018 கோடையில் டொரண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளைக்குக் கேனோ பைத்தியம். கேனோ என்றால் இரண்டு முனையும் கூரான, குறுகலான துடுப்புப் படகு. அந்த நாட்டுப் பழங்குடிகள் பிர்ச் மரப்பட்டையில் செய்தது, இப்போது கெவ்லார் என்ற இழையில் செய்கிறார்கள். மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் அல்கோன்குயின் பூங்கா. பெயர்தான் பூங்கா. 1893இல் ஏற்படுத்திய, சுமார் 7,600 சதுர கிலோமீட்டர் காடு. ஏரியும் ஆறும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகின்றன. “மாமா, ஒரு ராத்திரி மட்டும் தங்கலாம். அத்தையும் வரட்டும்” என்றார் மாப்பிள்ளை. “நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் கரையில இருக்கேன்” என்று இவள் முடித்துவிட்டாள்.

கேனோ ஏரி என்ற ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்தோம். படகு மட்டுமல்ல, கூடாரம், தூங்குபை, அடுப்பு, சாப்பாடு வைக்கும் பீப்பாய், தண்ணீர் புகாத பை எல்லாமே வாடகைக்குக் கிடைக்கிறது. படகோடு ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் இறைக்க ஒரு குவளை, 15 மீட்டர் மிதக்கும் கயிறு. இவை சட்டப்படி இருந்தாக வேண்டும். டின், கண்ணாடி பாட்டில் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இவள் கொண்டுவந்திருந்த மாவடு பாட்டிலைக் காலி செய்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பணம் வாங்கும் முன் அவள் கேட்டவை: நீந்தத் தெரியுமா, எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் கரையில் யாருக்குத் தெரியும். வரைபடத்தை விரித்து, காற்று கிளம்பினால் ஏரி நடுவில் போகாதீர்கள், கரையை ஒட்டியே போங்கள் என்று விரலால் காட்டினாள். நம் பக்கம் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி உடைந்திருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, “சும்மா போட்டுக்கோ சார், போட்டோவுக்குத்தானே” என்று பதில் வந்தது. இரண்டு இடத்திலும் வாடகை வாங்குகிறார்கள்.

இவள் ஒதுங்கி நிற்பதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள். மகளிடம் விவரம் கேட்டாள். பிறகு ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து வந்து இவளுக்கு மாட்டி, பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லையாம். பிறகு கையைப் பிடித்துக் கரையோரத் தண்ணீருக்குள் அழைத்துப் போனாள். முழங்கால், இடுப்பு, அப்புறம் மார்பு. “காலைத் தூக்குங்கள்” என்று மகள் மூலம் சொன்னாள். சுடிதாரோடு என் மனைவி காலைத் தூக்கினாள். மிதந்தாள். ஏழெட்டு நிமிடம் அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து, “அன்னைக்கு இது ஒண்ணு இருந்திருந்தா போதுமேங்க” என்றாள். துணி மாற்றிக்கொண்டு படகில் ஏறினாள்.

இரண்டு கேனோ. மகளும் ஒரு தோழியும் ஒன்றில். எங்கள் கேனோவில் முன்னால் நான், நடுவில் தரையோடு உட்கார்ந்து இவள், பின்னால் மாப்பிள்ளை. முன்னால் இருப்பவர் இழுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும். துடுப்பை இழுத்து முடிக்கும்போது ஆங்கில ஜே எழுத்துப் போல வெளியே தள்ளினால்தான் படகு நேராகப் போகும். ஜோ ஏரிக்குப் போக நடுவில் சுமார் 300 மீட்டர் தரைப்பாதை. அங்கே மாப்பிள்ளை கேனோவைக் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கித் தோளில் தாங்கி நடந்தார். எனக்கு உடனே ஒகேனக்கல்தான் நினைவுக்கு வந்தது.

இரவு சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கூடாரத் தரையில் படுத்து எழுந்திருக்க என் முட்டி படுத்திய பாட்டைத் தனியாக எழுதலாம். லூன் என்ற நீர்ப்பறவை ராத்திரி முழுக்க யாரோ அழுவது போலக் கத்தியது. அவர்கள் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது அதுதான். டாம் தாம்சன் என்ற பெரிய ஓவியர் 1917இல் அந்தக் கேனோ ஏரியில்தான் இறந்துபோனார், அவருடைய படகு கவிழ்ந்து மிதந்தது என்பதை மாப்பிள்ளை காரில் திரும்பி வரும்போதுதான் சொன்னார். புத்திசாலி.

இதை நம் ஊரில் ஏன் செய்யக்கூடாது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நம் பாலாற்றில் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் போல வந்தால் கரை புரண்டு வருகிறது, அதில் யார் படகு விடுவது? காவிரியில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள், அது சரியும்கூட. அந்த ஆற்றில் முதலையும் உண்டு. பரிசல்காரர் இல்லாமல் அங்கே போகலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவர் துடுப்பில் பரம்பரை அனுபவம் இருக்கிறது. ஏறும் முன் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், எல்லாக் கொக்கியையும் மாட்டுங்கள், தோளைத் தூக்கிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்கள், பெண் குழந்தைகளுக்கும்.

ஊர் திரும்பும்போது இவள் நான்கு லைஃப் ஜாக்கெட் வாங்கி, தன் புடவைகளை மகள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டியில் அடைத்துக்கொண்டாள். நான்கையும் முடிச்சூரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். “கடலுக்கா போறோம் அக்கா” என்று மைத்துனர் சிரித்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பக்கம் மறுபடியும் தண்ணீர் ஏறியது. இரவு பத்து மணிக்கு இவள் போன் செய்தாள். அவர் வீட்டு வாசல்படி வரை வந்திருந்தது, உள்ளே வரவில்லை. “பரண்லேருந்து எடுத்துட்டியா?” என்றுதான் முதலில் கேட்டாள். நாலும் சோபாமேல் வரிசையாக இருக்கிறது, சின்னவன் ஒன்றைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டான் என்றார்.