'கனெக்டட்'னு பச்சை விளக்கு வந்தா போதுமா?



டாக்டருக்கு ஷேர் மார்க்கெட் சாஃப்ட்வேர்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான்.

நான் வேலை பார்க்கிறது ஓசூர் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில். சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவங்க, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் ஐடி தம்பிகள் எல்லாரும் ஓபிக்கு வருவாங்க. படபடப்பு, தூக்கமில்லைன்னு வர்ற சிலருக்கு இசிஜி நார்மல், தைராய்டும் நார்மல். பேச்சுக் கொடுத்தா ஆப்ஷன் டிரேடிங் வெளியே வரும். இப்போ அதோட இன்னொன்றும் சேர்ந்திருக்கு: "ஆல்கோ போட்டிருக்கேன் சார், அதுவே பார்த்துக்கும்."

அதில் ஒரு தம்பி, டெலிகிராமில் கிடைத்த இலவச டூலில் தன் புரோக்கர் யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபி உருவாக்கும் ரகசியக் குறியீடு எல்லாத்தையும் போட்டிருந்தார். "டெஸ்ட் பண்ணேன் சார், கனெக்டட்னு பச்சையா வந்துச்சு" என்றார்.

மானிட்டரில் கோடு ஓடினா, வயர் ஒழுங்கா மாட்டியிருக்குன்னு அர்த்தம். நோயாளி நல்லா இருக்கார்னு அர்த்தம் இல்லை. இதுவும் அப்படித்தான். சாவி பூட்டுக்குப் பொருந்துதுன்னு பச்சை விளக்கு சொல்லும். அந்தச் சாவிக்கு எத்தனை நகல் யார் யார் கையில் இருக்குன்னு சொல்லாது.

"பணம் என் பேங்குக்குத்தானே வரும், திருடன் என்ன பண்ண முடியும்?" என்று கேட்கலாம். யாரும் சீந்தாத ஒரு ஆப்ஷனை, அவன் கணக்கிலிருந்து உங்கள் கணக்கு அநியாய விலைக்கு வாங்கும்படி ஆர்டர் போட்டால் போதும். பணம் அவன் பக்கம் போய்விடும்.

அதனால் டெஸ்ட் பண்ணும் முறை இது:

1. பாஸ்வேர்டும் ஓடிபியும் புரோக்கரின் சொந்தப் பக்கத்தில் மட்டும். டூலே அதைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்க.

2. லாகின் முடிந்ததும் டூலுக்குக் கிடைப்பது ஒரு தற்காலிக டோக்கன். செரோதாவின் கைட் கனெக்டில் அது மறுநாள் காலை 6 மணிக்குச் செத்துவிடும். நேற்று ஓடியது இன்று ஓடலைன்னா பதறாதீங்க, முதலில் மறுபடி லாகின் பண்ணிப் பாருங்க. ஏபிஐ சீக்ரெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டு உதவி கேட்காதீங்க.

3. முதலில் பார்க்க மட்டும் செய்யுங்க: பெயர், கையிருப்பு, மார்ஜின். புரோக்கர் ஆப்பில் உள்ளதோடு ஒத்துப்போகுதா?

4. அடுத்து டெஸ்ட் டோஸ். விலை குறைந்த பங்கு ஒன்றே ஒன்று, சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே லிமிட் ஆர்டர். ஆப்பில் தெரியுதான்னு பார்த்துட்டு கேன்சல் பண்ணுங்க.

5. நெட்டைத் துண்டித்துப் பாருங்க. பதில் வரலைன்னா டூல் அதே ஆர்டரை மறுபடி போடுதா? ஊசி போட்டாச்சான்னு கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் இரண்டாவது டோஸ் போடுவோமா? ஆர்டர் புக்கைப் பார்த்த பிறகே மறுமுயற்சி.

பெரிய கம்பெனிகளே இதில் விழுந்திருக்காங்க. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல், 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராமை ஏற்றாமல் விட்டது. அதில் கிடந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு ஆர்டர்களாகக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மெயில்கள் வந்திருந்தன. யாரும் கவனிக்கவில்லை. மானிட்டர் அலாரத்தை மியூட்டில் போட்ட கதைதான்.

நம்ம ஊரிலும் விதி வந்திருக்கு. 2025 பிப்ரவரி 4 தேதியிட்ட செபி சுற்றறிக்கை, ஏபிஐ வழி டிரேடிங்குக்கு வாடிக்கையாளருக்கே உரிய தனிச் சாவி, புரோக்கரிடம் பதிந்த நிலையான ஐபி முகவரி, இரண்டடுக்கு லாகின் எல்லாம் வேண்டும் என்கிறது. தொல்லைன்னு திட்டாதீங்க. சாவி திருடுபோனாலும் வேறு வீட்டிலிருந்து கதவு திறக்காமல் இருக்கத்தான் இது.

சாவி வெளியே போயிடுச்சுன்னு சந்தேகமா? பாஸ்வேர்டு, ஓடிபி குறியீடு, ஏபிஐ சீக்ரெட் மூன்றையும் உடனே மாற்றுங்க. புரோக்கரைக் கூப்பிடுங்க. பணம் போயிருந்தா 1930க்கு அடிங்க, தாமதம் வேண்டாம்.

கடைசியா ஒன்று. 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வில், மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். சராசரி சுமார் 2 லட்சம் ரூபாய். லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களும் ஆல்கோதான் வைத்திருந்தார்கள். கனெக்ஷன் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

அந்தத் தம்பி அன்றே சாவிகளை மாற்றிட்டார். மாத்திரை எதுவும் எழுதித் தரலை. ஒரு வாரம் போனைத் தள்ளி வைத்துத் தூங்கச் சொன்னேன்.

உங்க வீட்டுத் தம்பிக்கும் இதை அனுப்புங்க.