முதல் ஒரு நிமிடம்

நீந்தத் தெரியாதவர்களைப் பற்றி எனக்கு அதிகம் கவலை இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்பார்கள். மிதப்புச் சட்டையின் வாரை இறுக்கச் சொன்னால், இறுக்கிவிட்டு "காணுமோ?" என்று கேட்பார்கள். துடுப்புப் பயணம் நடக்கும் காலைகளில் என் கண் தேடுவது கடலில் குதித்து வளர்ந்தவர்களைத்தான். "தம்பி, நான் மன்னார்க் கடலில நீந்தினவன், எனக்கு இது வேண்டாம்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கடலின் வெப்பம் ஏறக்குறைய 28 பாகை. ஏப்ரல் மாத லண்டன் கால்வாயில் அதில் பாதிகூட இருக்காது.

அல்பேர்ட்டன் வீடுகளுக்குப் பின்னால் ஓடுவது கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை. 1801இல் திறந்தது. ஹேஸ் பக்கமிருந்து பாடிங்டன் வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நீர்ப்பூட்டும் கிடையாது. நோர்த் சர்குலர் வீதிக்கு மேலேயே பாலத்தில் தண்ணீர் போகிறது. நீரோட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆழம் பெரும்பாலும் இடுப்பளவு, நெஞ்சளவு. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்க்க எங்கள் ஊர்ச் சங்கம் நடத்தும் கயாக் பயணம் இந்தக் கால்வாயில்தான். பாதுகாப்பு என் பொறுப்பு.

தண்ணீர் 15 பாகைக்குக் கீழே இருந்தால், விழுந்த கணத்தில் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். பிறகு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது அடங்கிவிடும். ஆனால் அந்த முதல் இழுப்பின்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால், எத்தனை வருட நீச்சலும் உதவாது. நாங்கள் கொடுக்கும் 50 நியூட்டன் சட்டை மயங்கியவரை மல்லாக்கப் புரட்டாது. அதற்கு 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட் போன்றது வேண்டும். நினைவோடு இருப்பவரை அந்த ஒரு நிமிடம் மேலே தாங்குவதற்கு எங்கள் சட்டை போதும்.

இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் படித்திருந்தேன். கண்ணால் கண்டது ஒரு ஏப்ரல் காலையில். அறுபதைத் தாண்டிய ஒருவர். சட்டை போடாவிட்டால் வள்ளம் இல்லை என்ற பிறகே போட்டுக்கொண்டவர். கரையில் கட்டியிருந்த வீட்டுப் படகொன்றை ஒட்டிப் போனவர், அதன் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினார். கயாக் கவிழ்ந்தது. தலை மேலே வந்தபோது வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். கைக்கெட்டும் தூரத்தில் மிதந்த துடுப்பைக்கூட அவர் காணவில்லை. கரையில் நின்ற தொண்டர் ஆங்கிலத்தில் கத்தினார். அது அவர் காதில் ஏறவே இல்லை. பிறகு தமிழில், "ஐயா, எழும்பி நில்லுங்கோ! கால் எட்டும்!" என்றார். அவர் நின்றார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

நிற்கக்கூடிய தண்ணீரில் நிற்கலாம் என்பது அந்த ஒரு நிமிடத்தில் மனிதனுக்குத் தோன்றுவதில்லை. அன்றிலிருந்து புறப்படுமுன் தரும் விளக்கத்தைத் தமிழிலும் சொல்கிறேன். விழுந்தால் முதலில் மல்லாந்து மிதந்திருங்கள், மூச்சு அடங்கட்டும், பிறகு காலை மெல்ல இறக்கிப் பாருங்கள். அடியில் சேறும் கண்ணாடித் துண்டும் கிடக்கலாம். அதனால் சப்பாத்து இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை.

தொண்டர்களைச் சம தூரத்தில் நிறுத்தும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். ஆட்கள் விழுவது ஏறும் துறையில், பாலத்தடியில், கட்டிய படகுகளின் பக்கத்தில். அங்கேதான் எறிகயிற்றோடு ஆள் வேண்டும். இரும்புத் தகடு அடித்த கரையில் நனைந்த உடுப்போடு ஏறவே முடியாது. எங்கே ஏறலாம் என்பதை முதல் நாளே நடந்து பார்த்துக் குறித்துவைக்கிறோம். எதிரே நரோபோட் என்ற ஒடுங்கிய நீண்ட படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். வீதியில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைகள் இதில் தடுமாறும். 20 மீட்டர் நீளமும் வரும் அந்தப் படகை ஓட்டுபவர் பின்முனையில் நிற்கிறார். படகின் மூக்குக்கு நேர் கீழே போகும் கயாக் அவருக்குத் தெரியாது. பிரேக்கும் கிடையாது.

விழுந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்கிறோம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இந்தத் தண்ணீரில் வரலாம். பல நாள் கழித்துச் சாதாரணக் காய்ச்சலும் தசைநோவும் போலவே தொடங்கும். கால்வாயில் விழுந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்கிறோம்.

2021 அக்டோபர் 30ஆம் தேதி வேல்ஸில் ஹேவர்போர்ட்வெஸ்ட் நகரத்து ஆற்றில் பலகைத் துடுப்புப் பயணம் போன நான்கு பேர் தடுப்பணையில் அடிபட்டு இறந்தார்கள். மழையால் ஆறு பெருகியிருந்தது. அணையைப் பற்றி அவர்களுக்கு முன்கூட்டி விளக்கவில்லை. நடத்தியவர் பின்னர் சிறைக்குப் போனார். அணையில்லாத, ஓட்டமில்லாத எங்கள் கால்வாய்க்கும் அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை அச்செடுத்துக் குழுவில் ஆளுக்கொன்று கொடுத்தேன். அப்படியொரு நாளிலும், காசு கட்டிய சனம் வந்து நிற்கும்போது, "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்வது யாருக்கும் கடினம். தலைவருக்கும் சங்கடம், பொருளாளருக்கும் சங்கடம். ஆகவே இப்போது அந்த முடிவு அவர்கள் கையில் இல்லை. காற்றையும் தண்ணீரையும் காலை ஏழு மணிக்குப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று சொல்ல ஒருவரை எழுத்தில் நியமிக்கிறோம். அவருக்கு நிதி சேர்ப்பில் எந்தப் பங்கும் இல்லை. அவர் வேண்டாம் என்றால், கட்டிய காசு அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப்படும்.