பூட்டிய வில்லையும் புழங்கிய வில்லையும்

கருவிகள் யாவும் பழையனவாகின்றன. ஆயின் அவை பழையனவாகும் முறை ஒரே தன்மையதன்று. மண்வெட்டி தேய்ந்து பழையதாகின்றது. மணிக்கூடு ஓடி ஓடித் தளர்கின்றது. கமெராவின் கண்ணாகிய வில்லையோ, உரிய முறையிற் பேணப்படுமாயின், வாங்கியவரின் ஆயுளைக் கடந்தும் தன் தொழிலைக் குறைவின்றிச் செய்யவல்லது. அதிலே தேய்ந்துபோகும் பகுதிகள் மிகச் சில. அவ்வாறிருந்தும் இந்நாட்டு வீடுகளின் அலுமாரிகளுக்குள்ளே ஒளியிழந்து கிடக்கும் வில்லைகள் உள. அவற்றுட் பல கையாண்டதாற் கெட்டவையல்ல. கையாளாது காத்ததாற் கெட்டவை. இம்முரணை விளங்கிக்கொள்வதற்கு, வில்லை மாற்றத்தக்க பிலிம் கமெராவின் வரலாற்றையும் ஒரு குடும்பத்தாரிடமிருந்த இரண்டு வில்லைகளின் கதையையும் ஒருங்கே நோக்குதல் பயனுடையது.

ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமெரா எனப்படுவதன் அமைப்பு எளிதில் விளங்கத்தக்கது. வில்லையினூடாகப் புகும் ஒளியைச் சாய்வாக நிற்கும் ஆடியொன்று மேல்நோக்கித் திருப்புகின்றது. மேலேயுள்ள மங்கற் கண்ணாடித் திரையில் விழும் விம்பத்தை ஐங்கோண அரியம் நேர்ப்படுத்திக் கண்ணுக்குக் காட்டுகின்றது. விசையை அழுத்தியதும் ஆடி மேலெழ, அதே ஒளி பிலிமைச் சென்றடைகின்றது. எனவே கண் காண்பதும் பிலிம் காண்பதும் ஒரே வில்லையினூடாகவே நிகழ்கின்றன. 28 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய வில்லையைப் பொருத்தினால் அகன்ற வெளி தெரியும். 135 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தினால் தொலைவிலுள்ள முகம் அருகில் வரும். எதைப் பொருத்தினும் படம் பிடிப்பவர் தாம் பெறப்போவதை முன்கூட்டியே காண்கிறார். வில்லையை மாற்றும் வழக்கம் இக்கமெராவிற் செழித்தமைக்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

வில்லையும் கமெராவுடலும் சேருமிடம் ஓர் உலோக வளையம். அதனைத் தாங்கி என்பர். தாங்கியில் இரண்டு அளவுகள் முக்கியமானவை: ஒன்று வளையத்தின் விட்டம், மற்றையது வளையத்தின் முகத்திலிருந்து பிலிம் வரையுள்ள தூரம். இத்தூரம் சிறிது கூடினாலும் தொலைவிலுள்ள மலை பிலிமிலே தெளிவாக விழாது. 1949இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த கொன்ராக்ஸ் எஸ் கமெரா, 42 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் புரியிடையும் உடைய திருகுத் தாங்கியைக் கொண்டிருந்தது. அதன் தூரம் 45.46 மில்லிமீற்றர். அதே நகரத்துப் பிரக்ரிக்கா கமெராக்களும் இவ்வளவுகளையே கைக்கொண்டன. யப்பானின் அசாஹி நிறுவனம் 1957இல் தனது பென்ரக்ஸ் கமெராவுக்கு இத்திருகையே தெரிந்தெடுத்தது. ரிக்கோ, யசிக்கா, சினொன், பூஜிக்கா முதலிய யப்பானியப் பெயர்களும் சோவியத் நாட்டின் செனிற்றும் பின்னர் இவ்வரிசையிற் சேர்ந்தன. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்திலே இத்திருகு இருபுறத்தும் ஒன்றுபோலவே சுழன்றது. சோவியத் வில்லையை யப்பானிய உடலிலும், யப்பானிய வில்லையை டிரெஸ்டன் உடலிலும் எவரும் பொருத்தலாம் என்றாயிற்று.

தாங்கியொன்றை அறிமுகஞ்செய்யும் நிறுவனம் வாங்குவோருக்கு ஒரு வாக்கை அளிக்கின்றது எனலாம். இன்று வாங்கும் வில்லை நாளை வாங்கும் கமெராவுக்கும் பொருந்தும் என்பதே அவ்வாக்கு. நிக்கொன் நிறுவனம் 1959இல் நிறுவிய தாங்கியின் அடிப்படை வடிவத்தையும் 46.5 மில்லிமீற்றர் தூரத்தையும், உட்பொறிமுறைகளிற் சில மாற்றங்களோடு, இறுதிவரை தன் தெறிப்புக் கமெராக்களிற் பேணிற்று. பென்ரக்ஸ் 1975இல் திருகைக் கைவிட்டுப் புதிய தாங்கிக்கு மாறியபோதும் 45.46 என்ற தூரத்தை மாற்றவில்லை. மெல்லிய வளையமொன்றின் துணையோடு பழைய வில்லைகள் புதிய உடலிற் பொருந்தின. கனொன் 1987இல் வேறு வழியை நாடிற்று. பழைய தாங்கியை முற்றாக நீக்கி, அகன்ற விட்டமும் மின்தொடர்புகளும் கொண்ட புதிய தாங்கியை அது கொணர்ந்தது. தானாகக் குவியும் வில்லைக்கு அம்மாற்றம் மிகப் பொருத்தமாயிருந்தது என்பதை மறுக்கவியலாது. எனினும் பல்லாண்டு பணம் சேர்த்துப் பழைய வில்லைகளை வாங்கியோருக்கு அது கடுமையான இழப்பே. தொழில்நுட்பத்தின் நியாயமும் வாங்கியவரின் நியாயமும் எப்போதும் ஒரே திசையிற் செல்வதில்லை.

நிறுவனம் தன் வாக்கைக் காத்தாலும், பொருளை உடையவர் தம் பங்கைச் செய்யாதவிடத்து வில்லை நிலைப்பதில்லை. கண்டியை அடுத்த ஊரொன்றில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவரின் கமெரா இதற்குச் சான்று. 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த காலத்தில், பென்ரக்ஸ் ஸ்பொட்மற்றிக் ஒன்றைக் கொழும்பிலே பழையதாக அவர் வாங்கினார். அதனோடு 55 மில்லிமீற்றர், 135 மில்லிமீற்றர் என இரண்டு தக்குமார் வில்லைகள் கிடைத்தன. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளையும் தோட்டத்துக் கோவில் திருவிழாக்களையும் உடனாசிரியர்களின் திருமணங்களையும் அவற்றாற் படம் பிடித்தார். இளைப்பாறும் தறுவாயில் 135 மில்லிமீற்றர் வில்லையை இளைய ஆசிரியர் ஒருவருக்கு இரவலாகக் கொடுத்தார்; அதைத் திருப்பிக் கேட்டாரில்லை. 2006இல் அவர் காலமானபின் மனைவியார் கமெராவை 55 மில்லிமீற்றர் வில்லையோடு தோலுறையிலிட்டுப் பட்டுத்துணியாற் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஆண்டுதோறும் திதியன்று உறையை எடுத்து வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் உள்ளே வைப்பார். உறை திறக்கப்படவேயில்லை.

பல ஆண்டுகளின் பின்னர் பல்கலைக்கழகம் புகுந்த பேரன் அலுமாரிச் சாவியைக் கேட்டான். “தாத்தா கை பட்ட சாமான் ராசா, பழுதாக்கிடாத” என்று சொல்லித்தான் பாட்டியார் அதைக் கொடுத்தார். வில்லையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, கண்ணாடியின் உள்ளே வெண்ணிற நூலிழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருக்கக் கண்டான். பூஞ்சணம் பிடித்திருந்தது. சில வாரங்களின் பின், செய்தியறிந்த அந்த இளைய ஆசிரியர், அவரும் இப்போது இளைப்பாறியவர், இரவல் வில்லையைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். அதன் கரும்பூச்சு தேய்ந்து உலோகம் தெரிந்தது, முன்வளையம் ஓரிடத்தில் நெளிந்திருந்தது, கண்ணாடியோ மாசற்றிருந்தது. பட்டுத்துணியிற் சுற்றியது குருடாயிற்று. ஊரெங்கும் சுற்றியது தெளிவாயிருந்தது. இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்த பாட்டியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கமெரா திருத்துபவர் 55 மில்லிமீற்றர் வில்லையைக் கழற்றித் துப்புரவாக்கினார். நூலிழைகள் நீங்கின. ஆயினும் கண்ணாடியின் மேற்பூச்சில் அவை அரித்த கோடுகள் நீங்கவில்லை. அக்கண்ணாடியை மீண்டும் மெருகிட்டுப் பூச்சிடுவதற்கு வில்லையின் விலையிலும் அதிகம் செலவாகும் என்றார் அவர். வெளிச்சத்தை எதிர்நோக்கிப் பிடிக்கும் படங்களில் மெல்லிய மூட்டம் இன்றும் விழுகின்றது. பேரன் அவ்வில்லையை ஒதுக்கவில்லை. மூட்டம் விழாத திசையறிந்து பயன்படுத்தப் பழகிக்கொண்டான். கமெரா அதன்பின் அலுமாரிக்குத் திரும்பவில்லை. பாட்டியாரும் அதனைக் கேட்கவில்லை.

இவ்வேறுபாட்டின் காரணம் தெளிவானது. பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. ஈரமும் இருளும் அசைவற்ற காற்றும் சிறிது உணவும் கிடைக்குமிடத்து அவை முளைக்கின்றன. கண்ணாடியிற் படிந்த தூசும் விரலின் எண்ணெய்ப்பசையுமே போதிய உணவாகும். தோலுறையும் துணியும் ஈரத்தை உறிஞ்சித் தம்முள்ளே தேக்கி வைப்பன. மலைநாட்டின் மழைக்காலத்தில் மூடிய அலுமாரிக்குள் நிகழ்வதை இதிலிருந்து உய்த்துணரலாம். வளர்ந்த பூஞ்சணம் வெளியிடும் அமிலங்கள் முதலில் மேற்பூச்சையும் பின்னர் கண்ணாடியையுமே அரிக்கின்றன. அடிக்கடி பயன்படும் வில்லை வெளிச்சம் காண்கின்றது. அதன் வளையங்கள் திரும்புகையில் உள்ளே காற்று அசைகின்றது. உடையவரின் கண்ணும் அதன்மேல் விழுகின்றது. மாசு தோன்றிய தொடக்கத்திலேயே தெரியவருவது இக்கடைசிக் காரணத்தாலேயே.

பயன்பாடு மட்டும் போதுமென்பதன்று. மழையில் நனைந்த பையிற் கிடக்கும் வில்லையும் கெடும். தோலுறையைத் தவிர்த்து, காற்றுப்புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தல் நன்று. ஈரப்பதன் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது ஏற்றது. நீலநிறச் சிலிக்கா ஜெல் ஈரத்தை ஏற்று இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். தூசை முதலில் காற்றூதியாலும் மென்தூரிகையாலும் அகற்றவேண்டும். தூசு நீங்குமுன் துடைத்தால் அத்தூசே கண்ணாடியைக் கீறும். திரவம் தேவைப்படின் அதைத் துணியில் ஓரிரு துளி இடவேண்டும்; கண்ணாடியில் நேரே விட்டால் ஓரத்தின் வழியே உள்ளே கசியும்.

பழைய வில்லை வாங்குவோரும் இவ்வறிவையே துணைக்கொள்ள வேண்டும். பேரன் பின்னர் தன் சிறுபணத்தில் 28 மில்லிமீற்றர் திருகு வில்லையொன்றை வாங்கியபோது வெளித்தோற்றத்தைப் பொருட்படுத்தவில்லை. துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து சிறுவிளக்கின் ஒளியைச் செலுத்தி, இழைகளோ மூட்டமோ உண்டா என நோக்கினான். துவாரத்தைச் சிறிய அளவில் வைத்துப் பின்புறத்துச் சிற்றூசியை அழுத்தியதும் தகடுகள் தயங்காமற் சுருங்குகின்றனவா, அவற்றில் எண்ணெய் படிந்துள்ளதா எனப் பார்த்தான். குவிய வளையம் ஒரே இறுக்கத்தோடு திரும்புகின்றதா எனச் சோதித்தான். சிறு தூசுகள் படத்தைப் பாதிப்பதில்லை. முன்புறத்து மெல்லிய கீறலும் பெரிதன்று. பின்புறத்துக் கீறல் பிலிமுக்கு அண்மையிலுள்ளதாதலின் கூடிய தீங்கு விளைப்பது.

காலத்தால் வரும் குறைகளுள் ஒளியாலேயே தீர்வதும் ஒன்றுண்டு. 50 மில்லிமீற்றர் எஃப் 1.4 தக்குமார் போன்ற சில வில்லைகளின் கண்ணாடியில் தோரியம் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் கதிரியக்கத்தால் கண்ணாடி நாளடைவில் மஞ்சளாகின்றது. அத்தகைய வில்லையை வெயிலிற் பல நாள் வைத்தால் மஞ்சள் பெரிதும் நீங்கிவிடும். இருளிற் கிடந்து பெற்ற நிறத்தை வெளிச்சம் கழுவிவிடுகின்றது.

பிலிம் தெறிப்புக் கமெராவின் உற்பத்தி இன்று அருகிவிட்டது. நிக்கொன் எஃப் 6 என்ற கமெரா 2020இல் நிறுத்தப்பட்டது. அவற்றுக்காகச் செய்யப்பட்ட வில்லைகளோ இன்னும் ஓயவில்லை. ஆடியில்லாத புதிய கமெராக்களில் தாங்கிக்கும் ஒளியுணரிக்கும் இடையிலுள்ள தூரம் 20 மில்லிமீற்றர் அளவினதே. எஞ்சிய இடைவெளியை ஒரு வளையத்தால் நிரப்பினால் 1949இல் வகுத்த திருகுக்குரிய வில்லையும், 1987இற் கைவிடப்பட்ட வில்லையும் அவற்றிற் பொருந்துகின்றன. ஒரு காலத்தவர் உடைத்த வாக்கை இன்னொரு காலத்தவர் தாமறியாமலே நிறைவேற்றியுள்ளனர். அவ்வாய்ப்புக் கிட்டும்வரை தெளிவோடிருந்த வில்லைகளுக்கே அதனாற் பயனுண்டு. நேசிக்கும் பொருளைப் பூட்டிக் காப்பது இயல்பான உணர்ச்சி. அதனைப் பழித்தல் தகாது. எனினும் ஒளியைக் கடத்துவதற்கென்றே ஆக்கப்பட்ட பொருளுக்கு ஒளிபடும்படி வாழ்வதே பாதுகாப்பு. இறந்தவர் விட்டுச்சென்ற வில்லைக்குச் செய்யும் மரியாதை, அவர் பார்த்தது போல அதனூடாக இன்னொருவர் பார்ப்பதேயாகும்.